கொள்ளுப்பாட்டிக்கு இனிஷியல் இல்லை

ஒரு சின்னப் பரீட்சை. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

'எந்தக் கொள்ளுப்பாட்டி?' என்று திருப்பிக் கேட்டவர்களைப் பாராட்டுகிறேன். ஏனென்றால் எல்லோருக்கும் நாலு கொள்ளுப்பாட்டிகள். அப்பாவின் அப்பாவைப் பெற்றவர், அப்பாவின் அம்மாவைப் பெற்றவர், அம்மா வழியில் அதே மாதிரி இரண்டு பேர். நாலு பெயரையும் சொன்னால் நூற்றுக்கு நூறு. நான் வாங்கியது இருபத்தைந்து. எனக்குத் தெரிந்த அந்த ஒரு பாட்டியின் பெயர் 'பெரியம்மாயி'. அது பெயரா, உறவுமுறையா என்று விளக்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் இனிஷியலில் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார். என் மகன் இனிஷியலில் நான். தாத்தாவுக்கு அங்கே இடமில்லை. தலைமுறைக்கு ஒரு எழுத்தை எழுதி, பழைய எழுத்தை அழித்துக்கொண்டே வருகிறோம். அம்மாக்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. வீட்டில் திவசம் நடக்கிறவர்கள் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். மூன்றாவது பெயருக்கு டைரியைப் புரட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் மட்டும் 'பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன்' என்று ஏழு தலைமுறைக்கும் தமிழில் பெயர் உண்டென்று பெருமையாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உறவுக்குப் பெயர் இருக்கிறது சரி, ஆளுக்கு?

ஏழு தலைமுறை என்றதும் ஒரு புத்தகம் ஞாபகம் வரவேண்டும். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்'. தமிழிலும் சுருக்கமாக 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் ஏ.ஜி.எத்திராஜுலு மொழிபெயர்ப்பில் வந்து, பலர் ராத்திரி கண்விழித்துப் படித்த புத்தகம். நானும் அப்படித்தான் படித்தேன். சமீபத்தில் மறுபடி எடுத்தேன். எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் தர்மசங்கடமான காரணம்.

தெரியாதவர்களுக்காக: ஹேலி அமெரிக்கக் கறுப்பர். அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு எழுத்தாளர் ஆனவர். மால்கம் எக்ஸின் சுயசரிதையைக் கேட்டு எழுதியவர் இவர்தான். சின்ன வயதில் டென்னஸ்ஸியில் ஹென்னிங் என்ற சிற்றூரில், பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிழவிகள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தார். அவர்கள் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. நம் குடும்பத்தின் முதல் ஆள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். மத்தளம் செய்ய மரம் வெட்டப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் அவருக்கு 'டோபி' என்று பெயர் வைத்தான், அவர் 'என் பேர் கின்டே' என்று கடைசிவரை சொன்னார். ஆற்றுக்கு ஒரு வார்த்தை, வாத்தியத்துக்கு ஒரு வார்த்தை என்று நாலைந்து ஆப்பிரிக்கச் சொற்களைத் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மகள் தன் மகனுக்கு. இப்படியே திண்ணை வரைக்கும் வந்துவிட்டது.

ஹேலி அந்த நாலைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். ஆவணக் காப்பகங்கள், மொழியறிஞர்கள், கப்பல் பதிவேடுகள் என்று அலைந்து, 1967-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் ஜுஃபூரே என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு கிழவர், பரம்பரை பரம்பரையாக வம்சக் கதைகளை மனப்பாடமாகச் சொல்லும் 'க்ரியோ' என்று அறிமுகப்படுத்தப்பட்டவர், கின்டே குலத்தின் கதையை மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில், 'குன்டா என்ற மூத்த மகன் மரம் வெட்டப் போனான், திரும்பி வரவில்லை' என்றார். ஹேலிக்குப் புல்லரித்தது. படித்த நமக்கும்தான். முதல் தடவை அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1976-ல் புத்தகம் வந்தது. 1977 ஜனவரியில் ஏபிசி டெலிவிஷனில் தொடர்ந்து எட்டு ராத்திரி ஓடியது. கடைசி நாள் பார்த்தவர்கள் ஏறக்குறைய பத்துக் கோடி என்கிறார்கள். அன்றைய அமெரிக்க ஜனத்தொகையே சுமார் இருபத்திரண்டு கோடி! புலிட்சர் விருதுக் குழு சிறப்புப் பரிசு கொடுத்தது. கறுப்பர், வெள்ளையர், ஐரிஷ்காரர், இத்தாலியர் என்று எல்லோரும் அவரவர் தாத்தாவைத் தேடி ஆவணக் காப்பகங்களில் க்யூவில் நின்றார்கள். இன்றைக்கு வம்சம் தேடுவது ஒரு பெரிய தொழிலாக இருக்கிறதென்றால், அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் ஹேலி.

அப்புறம்தான் வந்தது வினை.

1977 ஏப்ரலில் லண்டன் 'சண்டே டைம்ஸ்' நிருபர் மார்க் ஆட்டவே காம்பியாவுக்குப் போய் விசாரித்தார். கதை சொன்ன கிழவர் உண்மையில் க்ரியோவே இல்லை என்று தெரிந்தது. அதோடு, ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது அங்கே முன்கூட்டியே பலருக்கும் தெரிந்திருந்தது. குன்டா வளர்ந்ததாகப் புத்தகத்தில் வருகிற ஜுஃபூரே, வெள்ளைக்காரர் வாடையே அறியாத சொர்க்கம். நிஜ ஜுஃபூரேயோ, ஆற்றுக்குள் இருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு எதிரிலேயே, வியாபாரம் நடந்துகொண்டிருந்த இடம். காம்பியாவின் வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்த டொனால்ட் ரைட் என்ற சரித்திர ஆசிரியரும் 1981-ல் ஏறக்குறைய இதையே எழுதினார்.

அதே வருஷம் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற தம்பதி (இருவரும் வம்சாவளி ஆராய்ச்சியில் பெரிய கை) வர்ஜீனியாவின் பத்திரங்களையும் வரி ரசீதுகளையும் புரட்டினார்கள். ஹேலி கணக்குப்படி குன்டா கின்டே 'லார்ட் லிகோனியர்' என்ற கப்பலில் 1767 செப்டம்பரில் அன்னாபொலிஸ் துறைமுகத்தில் இறங்கியவர். வாலர் என்ற பண்ணையார் குடும்பம் வாங்கி 'டோபி' என்று பெயரிட்டது. ஆனால், வாலர் குடும்ப ஆவணங்களில் டோபி என்ற அடிமை 1762-லேயே இருக்கிறார். கப்பல் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால்! அது மட்டுமில்லை. மகள் கிஸ்ஸி பிறந்ததாக ஹேலி சொல்லும் காலத்துக்குச் சில வருஷங்கள் முன்பே டோபி ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறார்.

போதாக்குறைக்கு ஒரு வழக்கு. ஹரால்ட் கூர்லாண்டர் 1967-ல் எழுதிய 'தி ஆஃப்ரிக்கன்' என்ற நாவலிலிருந்து சில பகுதிகள் 'ரூட்ஸு'க்குள் புகுந்துவிட்டன என்று ஹேலி ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. எங்கெங்கோ கூட்டங்களில் யார் யாரோ துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததையெல்லாம் குறிப்புகளோடு சேர்த்துவிட்டேன் என்றார். 1978-ல் ஆறரை லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் ஆனது.

இத்தனையும் தெரிந்த பிறகு 'ரூட்ஸ்' என்ன ஆகிறது? குப்பைக் கூடையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹேலி தேடியது எந்த மாதிரி இருட்டில் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1850, 1860 சென்சஸ்களில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் எடுத்தார்கள். அதில் எஜமானர் பெயர் இருக்கும். அதன் கீழே '45, ஆண், கறுப்பு', '12, பெண், கறுப்பு' என்று வரிசையாக வயதும் நிறமும் இருக்கும். பெயர் இருக்காது. ஆடு மாடு கணக்கெடுக்கிற மாதிரி. விடுதலையானவர்களின் பெயரை எழுதிய முதல் தேசிய சென்சஸ் 1870-ல்தான் வந்தது. கறுப்பர்கள் வம்சம் தேடிப் போனால் பெரும்பாலும் அந்த வருஷத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தச் சுவரில் ஹேலி ஒரு கதவை வரைந்தார். கோடிக்கணக்கான பேர் அது திறந்ததாக நினைத்து அழுதார்கள். அழுததில் பொய் இல்லை. அந்தக் கப்பலின் அடித்தளத்தைப் பற்றி எழுதிய பக்கங்களில், ஆட்களைச் சங்கிலியோடு சங்கிலியாக அடுக்கிவைத்த இடத்தில், நாற்றம் இன்றைக்கும் பக்கத்தைவிட்டு எழுந்து வருகிறது.

என் புகார் வேறு. கற்பனை செய்ததற்காக இல்லை. நாவல் என்று சொல்லியிருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க முடியாது. ஹேலி நிஜத்தையும் புனைவையும் ஒட்டி 'ஃபேக்‌ஷன்' என்று ஒரு புது வார்த்தை சொல்லிப் பார்த்தார். ஆனால், புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களில் 'நான்' என்று தன் குரலில் வந்து, இந்த ஊரில் இதைக் கண்டேன், இந்தப் பதிவேட்டில் இதைப் படித்தேன் என்று துப்பறியும் கதை மாதிரி ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டு போகிறார். அங்கேதான் சறுக்குகிறார். ஒரு ஊருக்குப் போய், 'எனக்கு இந்த பதில்தான் வேண்டும்' என்று முகத்திலேயே எழுதிக்கொண்டு நின்றால், அந்த பதில் கிடைக்கும். கிராமத்து ஜனங்கள் விருந்தாளியை வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். காம்பியாவிலும் சரி, நம்மூரிலும் சரி.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. அது மறைப்பது. பிபிஎஸ் சேனலில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 2012-லிருந்து 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார். பிரபலங்களை உட்காரவைத்து, ஒரு பெரிய ஆல்பத்தைக் கொடுத்து, 'பக்கத்தைத் திருப்புங்கள்' என்பார். திருப்பினால் முப்பாட்டனார். ஹாலிவுட் நடிகர் பென் அஃப்லெக்கின் முன்னோர் ஒருவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்று தெரியவந்தபோது, அவர் அதை நிகழ்ச்சியில் விட்டுவிடச் சொல்லிக் கேட்க, விட்டுவிட்டார்கள். 2015-ல் விஷயம் வெளியே வந்து, பிபிஎஸ் விசாரணை வைத்து அடுத்த சீசனைத் தள்ளிப்போட்டது. சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் தாத்தாக்களை விசாரித்துப் பாருங்கள். ஒன்று ஜமீனுக்கு வேண்டியவர், இல்லாவிட்டால் காந்தி வந்தபோது பக்கத்தில் நின்றவர். ஆள் பிடித்துக் கப்பலேற்றிய மேஸ்திரியின் பேரன் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அத்தனை லட்சம் பேரை யார்தான் கப்பல் ஏற்றினார்களோ!

கப்பல் என்றதும் இன்னொரு புத்தகத்துக்கு வருகிறேன். கயுத்ரா பகதூர் எழுதிய 'கூலி வுமன்', 2013-ல் வந்தது. 'ரூட்ஸ்' படித்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தலைப்பில் இருப்பது நம்முடைய 'கூலி'தான். ஆங்கில அகராதிக்குள் தமிழ் ஏற்றுமதி செய்த சொற்களில் கட்டுமரம், மிளகுத்தண்ணி எல்லாம் சொல்லிப் பெருமைப்படுவோம். இதைச் சேர்க்க மறந்துவிடுவோம். (சேர்க்க மறக்கிற இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கும் வருகிறேன்.)

கயுத்ரா தென் அமெரிக்காவில் கயானா நாட்டில் பிறந்து, 1981-ல் ஆறு வயதில் அமெரிக்கா போய், பத்திரிகையாளர் ஆனவர். அவருடைய கொள்ளுப்பாட்டி பெயர் சுஜாரியா. பீகார்க்காரர், ஜாதி பிராமணர் என்று பதிவு. 1903-ல் 'க்ளைட்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாக ஏறினார். வயது 27. கூடப் புருஷன் இல்லை. குடியேற்றச் சீட்டில் ஒரு குமாஸ்தா கிறுக்கியிருக்கிறார்: நாலு மாத கர்ப்பம்.

இவ்வளவுதான் ஆவணம். ஹேலிக்குப் பெயரே கிடைக்கவில்லை. இவருக்குப் பெயர், ஊர், வயது, கப்பல் எல்லாம் கிடைத்துவிட்டது. ஏன் என்பது மட்டும் கிடைக்கவில்லை. ஒரு பெண், 1903-ல், வயிற்றில் பிள்ளையோடு, தனியாக, ஏன் கடல் தாண்டினாள்? விதவையா? விரட்டப்பட்டவளா? ஓடிவந்தவளா? யாராவது ஆசை காட்டி ஏமாற்றினார்களா? அல்லது அவளே தெரிந்து எடுத்த முடிவா? வயிற்றிலிருந்தது யார் பிள்ளை?

ஹேலியாக இருந்தால் இந்த இடத்தில் அருமையான அத்தியாயம் ஒன்று எழுதியிருப்பார். கங்கைக் கரை, மாமியார் கொடுமை, கண்ணீர், நள்ளிரவில் ஒரு மாட்டு வண்டி. டெலிவிஷனுக்கு எட்டு ராத்திரிக்குத் தாங்கும். கயுத்ரா எழுதவில்லை. கேள்விகளைக் கேள்விகளாகவே வைக்கிறார். சுஜாரியா பேசாத இடத்தில், அதே மாதிரி கப்பலேறிய மற்ற பெண்களைப் பற்றிக் காலனி அதிகாரிகள் எழுதிவைத்த ஃபைல்களைத் திறக்கிறார். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட ஏஜென்ட்டுகள் கோயில் வாசலிலும் சந்தையிலும் பெண்களைத் தேடி அலைந்தது, கப்பலில் டாக்டர்களும் மாலுமிகளும் அவர்களிடம் நடந்துகொண்டது, தோட்டத்தில் பெண்கள் குறைவாக இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்த கொஞ்சம் சுதந்திரம், அதற்காகவே புருஷன்மார் கத்தியால் வெட்டியது. எல்லாவற்றையும் சர்க்கார் காகிதத்திலிருந்தே எடுக்கிறார். அந்தக் காகிதத்தை எழுதியவன் யார், எந்த நோக்கத்தில் எழுதினான் என்றும் கூடவே சந்தேகப்படுகிறார்.

குறை இல்லாத புத்தகம் இல்லை. சில இடங்களில் கேள்விக்குறிகள் பக்கம் பக்கமாக வந்து அலுப்புத் தட்டுகிறது. நடுவில் சுஜாரியாவை நாம் தொலைத்துவிடுகிறோம். புள்ளிவிவரங்களுக்குள் போனவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்ப வருகிறார். 'ரூட்ஸ்' மாதிரி இதை ராத்திரி கண்விழித்துப் படிக்க முடியாது. ஆனால், படித்து முடித்தபின் சுஜாரியா என்னைவிட்டுப் போகவில்லை. குன்டா கின்டேயை எனக்கு முழுசாகத் தெரியும். அவர் என்ன நினைத்தார், என்ன கனவு கண்டார் என்பதுவரை ஹேலி சொல்லிவிட்டார். சுஜாரியாவை எனக்குத் தெரியாது. கப்பல் தளத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

இப்போது அந்தத் தர்மசங்கடத்துக்கு வருகிறேன்.

1860 நவம்பர் 16-ம் தேதி, 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. 342 பேர். அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழியாகப் போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் தழும்பு என்று ஒரு வரி. அங்கே போனபின் பலருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. முனுசாமியின் வம்சம் நாலு தலைமுறையாக முனுசாமிதான். மொரீஷியஸில் வீரப்பன், வீராப்பென் ஆனார். பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் முத்துசாமி, மூட்டுசாமி ஆனார். சிகாகோவில் 'எபனி' பத்திரிகையின் கட்டடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட்டின் பெயரே ஜான் மூட்டுசாமி! ஊரில் இருந்த நாம் இனிஷியலில் தாத்தாவைத் தொலைத்தோம். ஊரைவிட்டுப் போனவர்கள் எழுத்துப் பிழையோடாவது கெட்டியாக வைத்திருக்கிறார்கள்.

2010-ல், ட்ரூரோவின் 150-வது வருஷத்தில், டர்பனிலிருந்து ஒருவர் வந்தார். நண்பருக்கு நண்பர். ரிட்டயரான பள்ளி ஆசிரியர். கையில் அந்தக் கப்பல் பட்டியலின் ஒரு வரி, ஜெராக்ஸ் எடுத்தது. பழைய வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு கிராமம். தமிழ் அவருக்கு 'அம்மா', 'சாமி', 'சோறு' அளவில்தான். மொழிபெயர்க்க நான் போனேன். ஊர்ப் பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கை வைத்துக்கொண்டு, அது 'ல'வா, 'ள'வா, 'ழ'வா என்று குழம்பி, ஒரு மாதிரி ஊகித்து ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஆலமரத்தடியில் ஒரு பெரியவர். நான் கேட்டது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஐயா, அந்தக் காலத்துல உங்க குடும்பத்துல யாராவது கப்பலேறி ஆப்பிரிக்கா போனாங்களா? இவரு அவங்க வம்சம்தான், தேடிக்கிட்டு வந்திருக்காரு."

கேள்வியைப் பாருங்கள். பதிலை நானே வாயில் ஊட்டிவிட்டேன்.

"ஆமாங்க! எங்க தாத்தா சொல்லியிருக்காரு. அவரோட சித்தப்பா ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனவர் கப்பலேறிட்டாருன்னு. வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார் பெரியவர். விருந்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது. யாரோ இளநீர் வெட்டப் போனார்கள். நான் மொழிபெயர்த்தேன். டர்பன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஜுஃபூரேயில் ஹேலிக்குப் புல்லரித்த மாதிரி.

கூட்டத்தில் படித்த பையன் ஒருவன் ஜெராக்ஸை வாங்கி ஒவ்வொரு கட்டமாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். பெயர், அப்பா பெயர், வயது. அடுத்தது ஜாதி. 'கூலி' மாதிரியே நம்மிடமிருந்து ஆங்கில அகராதிக்குப் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் உலகம் முழுக்கப் புழங்குகிற அந்த இன்னொரு சொல்லை, 1880-களின் குமாஸ்தா ஒருவர் அழகான கையெழுத்தில் அங்கே எழுதியிருந்தார். பையன் படித்தான்.

பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை. மேல் துண்டைச் சரிசெய்கிற மாதிரி எடுத்தார். "அப்ப அது வேற ஆளுங்க சார். காலனிப் பக்கம் போய்க் கேளுங்க" என்றார் என்னிடம். தாத்தாவின் சித்தப்பா கப்பலிலிருந்து இறங்கிவிட்டார்.

டர்பன்காரர் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லையாம். அந்தத் தெருவிலும் ஒரு தடவை விசாரிக்கச் சொல்கிறார்."

காலனியில் எந்தக் கிழவியும் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. "கப்பலா? எங்க வூட்ல அப்படி யாரும் சொன்னதில்லையேப்பா. பஞ்சத்துல போனவங்க எவ்ளோ பேரு, யாரு கணக்கு வச்சா?" என்றார் ஒரு அம்மா. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். டர்பன்காரர் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "எங்கள் வீட்டிலும் இதே மாதிரிதான்" என்றார். அதை மொழிபெயர்த்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது.

சாயங்காலம் காரில் வரும்போது ஜெராக்ஸில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

'கூலி வுமன்' படித்து முடித்த வாரம்தான் அவருக்கு ஈமெயில் எழுதினேன். ஆலமரத்தடியில் நான் கேட்ட கேள்வி எப்படிப்பட்டது, பெரியவர் கடைசியில் நிஜமாக என்ன சொன்னார், நான் எதை முழுங்கினேன் என்று ஒன்று விடாமல் எழுதி, மன்னிப்பும் கேட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. பெரியவர் கையை விட்டபோதே தனக்குப் புரிந்துவிட்டதாம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று டர்பனிலிருந்து கிளம்பும்போதே தெரியுமாம், பாட்டி சொல்லித்தான் வளர்த்தாராம். 'நீங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டு மொழிபெயர்த்தீர்கள். உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார்.

கூடவே ஒரு வேண்டுகோள். பேத்தி பள்ளிக்கூடத்தில் வம்ச மரம் வரைகிறாளாம். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி அனுப்ப முடியுமா?

'ள' போட்டு ஒன்று, 'ழ' போட்டு ஒன்று, இரண்டையும் எழுதி அனுப்பினேன்.